1.6 ஆங்ஸ்ட்ரமில் ஒரு முகடு

"சார், பவுடரில் சிலிக்கா இருக்கிறது. வெப்சைட்டே டைட்டானியம் சிலிக்கேட்டை முதல் வரியில் காட்டுகிறது." ஓர் ஆய்வு மாணவி இரவு பத்தரை மணிக்கு அனுப்பிய செய்தி இது. கூடவே, அளந்த தரவுக்கு எந்தப் படிகக் கட்டமைப்பு பொருந்தும் என்று தேடித் தரும் ஒரு வெப்சைட்டின் ஸ்கிரீன்ஷாட். அவர் தயாரித்தது டைட்டானியம் டை ஆக்சைடு. டைட்டானியம் ஐசோப்ரோபாக்சைடை அமிலம் கலந்த தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கி, கழுவி, மிதமான சூட்டில் உலர்த்திய வெள்ளைப் பவுடர். அவர் மேசையில் இருந்த எந்தப் பாட்டிலிலும் சிலிக்கான் கிடையாது. "எங்கிருந்தும்மா வந்தது?" என்று கேட்டேன். "கண்ணாடி பீக்கர்?" என்று கேள்விக்குறியோடு பதில் வந்தது.

பீக்கர் இல்லை. ஆனால் கண்ணாடி என்பது சரிதான். அந்தச் சரியைக் கண்டுபிடிக்க எங்களுக்கு ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளின் கதையை அவருடைய சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயரும் ஆய்வகமும் வேண்டாம் என்றார், சரி என்றேன்.

கேள்வி என்னவாக இருந்தது

டைட்டானியம் டை ஆக்சைடுக்கு இயற்கையில் மூன்று பிரபலமான முகங்கள் உண்டு: ரூட்டைல், அனடேஸ், ப்ரூக்கைட். மூன்றிலும் ஒரு டைட்டானியத்தைச் சுற்றி ஆறு ஆக்சிஜன். அந்த ஆறும் சேர்ந்து உண்டாக்கும் எட்டு முக வடிவங்கள், அதாவது எண்முகிகள், ஒன்றோடு ஒன்று எப்படிக் கோத்துக்கொள்கின்றன என்பதில்தான் வித்தியாசம். ஓர் எண்முகி ரூட்டைலில் 2 விளிம்புகளை அண்டை எண்முகிகளோடு பகிர்கிறது, ப்ரூக்கைட்டில் 3, அனடேஸில் 4. குறைந்த சூட்டில் அமிலத் தண்ணீரில் செய்யும் பவுடரில் அனடேஸோடு கொஞ்சம் ப்ரூக்கைட்டும் ஒட்டிக்கொண்டு வருவது வழக்கம். மாணவிக்குத் தெரியவேண்டியது இதுதான்: தன் பவுடர் சுத்தமான அனடேஸா, இல்லை ப்ரூக்கைட் கலந்ததா?

சாதாரண எக்ஸ் கதிர் டிஃப்ராக்ஷனில் (படிகத்தில் பட்ட கதிர் எந்தெந்தக் கோணத்தில் முகடாகக் குவிகிறது என்று அளப்பது) இதைப் பார்க்க முடியாதா என்றால், பெரிய படிகமாக இருந்தால் முடியும். தாமிரக் குழாய் தரும் எக்ஸ் கதிரில் அனடேஸின் முக்கிய முகடு 25.3 டிகிரியில் வரும். ப்ரூக்கைட்டின் இரண்டு வலுவான முகடுகள் 25.3, 25.7 டிகிரியில் வந்து அதன் மேலேயே உட்காரும். ப்ரூக்கைட் தனியாக முகம் காட்டும் இடம் 30.8 டிகிரி. ஆனால் இவருடைய துகள்கள் ஏறத்தாழ 5 நானோமீட்டர். அந்த அளவில் ஒவ்வொரு முகடும் 1.6 டிகிரி அகலத்துக்குப் பரவிவிடும். 25.3-க்கும் 25.7-க்கும் இடையில் கோடு போட வாய்ப்பே இல்லை. 30.8-ல் ஏதோ லேசாக மேடு தட்டியது. அதை மேடு என்று சொல்வதா, இரைச்சல் என்று சொல்வதா என்பது பார்ப்பவரின் அன்றைய மனநிலையைப் பொறுத்தது.

அதனால் அவர் இன்னொரு வழிக்குப் போனார். அணு ஜோடிப் பரவல் சார்பு. சுருக்கமாக பிடிஎஃப். (இந்தச் சுருக்கத்தை வைத்தவர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "பிடிஎஃப் அனுப்புங்கள்" என்று கேட்டால் பாதிப் பேர் கட்டுரையை அனுப்புகிறார்கள்.) கூர்மையான முகடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளாமல், அவற்றுக்கு அடியில் பரவிக் கிடக்கும் மங்கலான சிதறலையும் சேர்த்து, மொத்தத்தையும் ஃபூரியர் மாற்றம் செய்தால் ஒரு வளைவு கிடைக்கும். ஓர் அணுவின் மேல் உட்கார்ந்து சுற்றிப் பார்த்தால் எத்தனை ஆங்ஸ்ட்ரம் (நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு) தள்ளி அடுத்த அணு, அதற்கடுத்த அணு என்று அந்த வளைவு சொல்லும். படிகம் பெரியதாக இருக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கண்ணாடிக்கும் இது பொருந்தும், திரவத்துக்கும் பொருந்தும். கண்ணாடிக்குப் பொருந்தும் என்பதை மனதில் வையுங்கள்.

இந்த வளைவு கூர்மையாக வர அலைநீளம் சிறியதாக இருக்கவேண்டும். தாமிரக் கதிரின் 1.54 ஆங்ஸ்ட்ரமில், சிதறல் வெக்டரான க்யூவை (கதிர் எவ்வளவு பெரிய கோணத்தில் சிதறியது என்பதை அலைநீளத்தோடு சேர்த்துச் சொல்லும் எண்) அதிகபட்சம் 8.15 வரைதான் எட்டலாம். வெள்ளிக் குழாயின் 0.56 ஆங்ஸ்ட்ரமில் 22-ஐத் தாண்டலாம். சிங்க்ரோட்ரான் என்ற பெரிய எக்ஸ் கதிர் நிலையத்தில் 25-க்கு மேல் சாதாரணம். மாணவிக்கு அமைந்தது வெள்ளிக் குழாய் பொருத்திய ஓர் ஆய்வகக் கருவி. கேப்பிலரி என்ற ஒரு மில்லிமீட்டர் மெல்லிய கண்ணாடிக் குழாயில் பவுடரை நிரப்பி, ஓர் இரவு முழுக்க ஓடவிட்டு, க்யூவில் 20 வரை தரவு எடுத்திருந்தார். அடுத்த நாள் காலிக் கேப்பிலரியையும் அதே நேரத்துக்கு ஓட்டியிருந்தார். பலர் சோம்பல்பட்டு விட்டுவிடும் வேலை அது. இவர் செய்திருந்தார்.

பிரவுசரில் என்ன இருக்கிறது

தரவை வளைவாக மாற்றியாகிவிட்டது. அடுத்து, எந்தப் படிகக் கட்டமைப்பு இதற்குப் பொருந்தும் என்று பார்க்கவேண்டும். அதற்கான மென்பொருள்கள் புதியவை அல்ல. பிடிஎஃப்குயி 2007-லிருந்து இருக்கிறது. அதன் தம்பியான டிஃப்பை-சிஎம்ஐ இன்னும் வலிமையானது, ஆனால் நீண்ட காலம் லினக்ஸிலும் மேக்கிலும் மட்டுமே ஓடியது. விண்டோஸ் மட்டும் உள்ள ஆய்வகத்தில் ஒரு மாணவி அதை நிறுவ உட்கார்ந்தால் வாரக் கடைசி போய்விடும். மேலும் இந்த மென்பொருள்களுக்கு நீங்கள்தான் ஆரம்பக் கட்டமைப்பைக் கொடுக்கவேண்டும். எதைக் கொடுப்பது என்பது தெரியாமல்தானே வந்திருக்கிறோம்?

அந்த இடத்தில்தான் பிடிஎஃப்ஐடிசி வருகிறது. பெயரை "பிடிஎஃப் இன் த கிளவுட்" என்று விரித்துப் படிக்கவேண்டும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சைமன் பில்லிங்கின் குழு உருவாக்கியது. இதை விவரிக்கும் கட்டுரை 2021-ல் ஆக்டா கிறிஸ்டலோகிராஃபிகா ஏ இதழில் வந்தது. நிறுவல் எதுவும் வேண்டாம். பிரவுசரைத் திறந்து, வளைவுக் கோப்பை ஏற்றி, எக்ஸ் கதிரா நியூட்ரானா என்று சொல்லி, என்னென்ன தனிமங்கள் என்று தட்டினால் போதும். மீதியை சர்வர் பார்த்துக்கொள்ளும்.

ஆரம்பத்தில் அதில் மூன்று கருவிகள் இருந்தன. ஸ்ட்ரக்சர்மைனிங் என்பது படிகக் கட்டமைப்புத் தரவுத்தளங்களுக்குப் போய், நீங்கள் சொன்ன தனிமங்கள் உள்ள கட்டமைப்புகளை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, ஒவ்வொன்றையும் உங்கள் வளைவோடு பொருத்திப் பார்த்து வரிசைப்படுத்தும். எங்கிருந்து அள்ளுகிறது என்றால், கிறிஸ்டலோகிராஃபி ஓப்பன் டேட்டாபேஸ், மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட் ஆகிய இரண்டிலிருந்து. முதலாவதில் இருப்பவை பெரும்பாலும் அளந்து கண்டவை. இரண்டாவதில் கணினியில் கணக்கிட்டவை. இரண்டாவது கருவியான ஸ்பேஸ்குரூப்மைனிங் ஒரு நியூரல் நெட்வொர்க். வளைவைப் பார்த்து எந்த இடக்குழு (படிகத்தின் சமச்சீர் வகை) என்று ஊகிக்கும். 1 லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்கிட்ட வளைவுகளில் பயிற்சி பெற்றது. ஆனால் மொத்தமுள்ள 230 இடக்குழுக்களில் அதிகம் புழங்கும் 45 மட்டும்தான் அதற்குத் தெரியும். முதல் ஆறு ஊகங்களுக்குள் சரியான விடை இருக்கும் வாய்ப்பு 91.9 சதவீதம் என்று 2019-ல் வந்த கட்டுரை சொல்கிறது. உண்மையான பரிசோதனைத் தரவு 15-ல் 12-க்குச் சரியாகச் சொன்னது. கலவைப் பொருளுக்கு இந்தக் கேள்வியே அர்த்தமற்றது என்பதால் நாங்கள் அந்தப் பக்கம் போகவில்லை. மூன்றாவதான சிமிலாரிட்டிமேப்பிங் வளைவுகளை இரண்டிரண்டாக எடுத்து அவை எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் பியர்சன் ஒட்டுறவு எண்ணைக் கணக்கிடும். எளிமையான பொருள்தான். கடைசியில் எங்களுக்குக் கைகொடுத்ததும் அதுதான்.

"பிரவுசரில் ஓடுகிறது" என்ற சொல்லில் இரண்டு அர்த்தம் கலந்திருக்கிறது, அதைப் பிரித்துக்கொள்வது நல்லது. பிடிஎஃப்ஐடிசியில் பிரவுசர் வெறும் ஜன்னல். கணக்கு நடப்பது தூரத்து சர்வரில், உங்கள் தரவும் அங்கேதான் போகிறது. அமெரிக்காவின் தர அளவீட்டு நிறுவனமான என்ஐஎஸ்டி தந்த ஹெச்5வாஸ்ம் போன்ற கருவிகள் வேறு மாதிரி. அவை உங்கள் கணினியிலேயே, பிரவுசருக்குள்ளேயே கோப்பைத் திறக்கின்றன, தரவு வெளியே போகவேண்டியதில்லை. காப்புரிமை வாங்கக் காத்திருக்கும் பொருள் என்றால் இந்த வித்தியாசத்தை வழிகாட்டியிடம் முதலில் சொல்லிவிடுங்கள். டைட்டானியம் டை ஆக்சைடுக்கு அந்தக் கவலை இல்லை. சுவர் பெயின்டில் இருக்கும் பொருள்.

முதல் ஓட்டம், இரண்டாம் ஓட்டம்

மாணவி முதலில் டைட்டானியம், ஆக்சிஜன் என்று இரண்டு தனிமங்களை மட்டும் கொடுத்தார். தனிமம் இரண்டுதான் என்றாலும் வரிசை நீளமானது. விகிதத்தைக் கட்டாயமாக்காததால் மோனாக்சைடு, டைட்டானியம் செஸ்கியாக்சைடு, ஆக்சிஜன் குறைந்த மாக்னெலி வகைகள் எல்லாம் வந்து நின்றன. முதல் சில வரிகள் முழுக்க அனடேஸ். ஒரே கட்டமைப்பை வெவ்வேறு ஆண்டில் வெவ்வேறு குழுக்கள் அளந்து தரவுத்தளத்தில் போட்டிருப்பார்கள். எனவே முதல் ஐந்து வரிகள் என்பது ஐந்து விடைகள் இல்லை, ஒரே விடை ஐந்து சட்டை போட்டு வருவது. இதைப் புதிதாகப் பார்ப்பவர்கள் கவனிக்கமாட்டார்கள்.

வரிசையின் அடிப்படை ஆர்-டபிள்யூ என்ற எண். அளந்த வளைவுக்கும் கணக்கிட்ட வளைவுக்கும் உள்ள தூரம். 0 என்றால் முழுப் பொருத்தம். இவருடைய அனடேஸ் வரியின் எண் முதலிடத்தில் இருந்தாலும் நன்றாக இல்லை. அளந்ததிலிருந்து கணக்கிட்டதைக் கழித்து, வளைவுக்குக் கீழே தனியாக வரையும் மீதிக்கோட்டைப் பார்த்தால் காரணம் தெரிந்தது. 1.6 ஆங்ஸ்ட்ரமில் ஒரு முகடு. அனடேஸில் டைட்டானியம்-ஆக்சிஜன் தூரங்கள் 1.93-லும் 1.98-லும் உள்ளன. அதற்குக் கீழே எதுவும் இருக்கக்கூடாது.

இங்கே அவர் இரண்டு காரியம் செய்தார். தனிமப் பட்டியலில் நட்சத்திரக் குறி போட்டு, "வேறு எது வேண்டுமானாலும் சேரலாம்" என்று திறந்துவிட்டார். பொருத்தும் எல்லையை 1.2-லிருந்து 20 ஆங்ஸ்ட்ரம் வரை என்று இருந்ததை 1.2-லிருந்து 6 வரை என்று சுருக்கினார். "பிரச்சினை இருப்பது அங்கேதானே சார், அதைப் பெரிதாகப் பார்க்கலாம் என்று நினைத்தேன்." நியாயமான எண்ணம்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒரு வளைவில் உண்மையில் எத்தனை தனித்தனித் தகவல் இருக்கிறது என்பதற்கு ஓர் எளிய மதிப்பீடு உண்டு: எல்லையின் நீளத்தை க்யூவின் உச்சத்தால் பெருக்கி, π-ஆல் (3.14) வகுக்கவேண்டும். 20 வரை போனால் சுமார் 120 தகவல். 6-ல் நிறுத்தினால் சுமார் 30. திரையில் நூற்றுக்கணக்கான புள்ளிகள் தெரியும், ஆனால் உள்ளே இருப்பது 30 பேர் மட்டும். சமச்சீர் குறைந்த ஒரு சிலிக்கேட்டை எடுத்தால் அதற்கு அலகுக்கூட்டின் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சிறு பெட்டி) பக்கங்கள், கோணம், ஒவ்வோர் அணுவின் அதிர்வு, அளவுகோல் என்று பத்துக்கு மேற்பட்ட திருகாணிகள். 30 பேரைச் சமாதானப்படுத்தப் பத்துத் திருகாணி என்பது தாராளம்.

ஆக, சிலிக்கேட்டுகள் மேலே ஏறின. ஏறியதில் மாயம் ஒன்றும் இல்லை. டைட்டானியம் சிலிக்கேட்டில் டைட்டானியத்தைச் சுற்றி ஆறு ஆக்சிஜன் சுமார் 1.95-ல், சிலிக்கானைச் சுற்றி நான்கு ஆக்சிஜன் சுமார் 1.62-ல். மீதிக்கோட்டில் அனாதையாக நின்ற முகட்டுக்கு வீடு கிடைத்துவிட்டது. கருவியிடம் கேட்டது "இந்த வரிசையில் எது நன்றாகப் பொருந்துகிறது?" என்றுதான். அதற்கு அது உண்மையான பதிலைச் சொன்னது. இரவு பத்தரைக்கு எனக்குச் செய்தி வந்தது இந்த ஓட்டத்துக்குப் பிறகு.

அலையா, முகடா

என் முதல் சந்தேகம் சிலிக்கா இல்லை. தரவு க்யூவில் 20-லேயே வெட்டப்பட்டிருக்கிறது. அப்படி வெட்டினால் ஒவ்வொரு பெரிய முகட்டுக்கும் இருபுறமும் சிற்றலைகள் உண்டாகும். குளத்தில் கல்லைப் போட்டதும் வட்டம் வட்டமாகப் பரவுமே, அது மாதிரி. முதல் பக்கப் பள்ளம் 4.49-ஐ க்யூ உச்சத்தால் வகுத்த தூரத்திலும், அடுத்த பக்க மேடு 7.73-ஐ அதே எண்ணால் வகுத்த தூரத்திலும் வரும். 7.73-ஐ 20-ஆல் வகுத்தால் 0.39. டைட்டானியம்-ஆக்சிஜன் முகடு 1.95-ல். கழித்தால் 1.56. நம்முடைய சந்தேக முகடு 1.6. போதாதா?

"இது வெறும் அலைம்மா, பயப்படாதீங்க" என்று நான் சொல்லிவிட்டேன். சொன்னபிறகு தூக்கம் வரவில்லை. அலையாக இருந்தால் அதைச் சோதிக்கும் வழி பத்து நிமிட வேலை. காலையில் அவரிடம் அதே தரவை க்யூ 20, 18, 16 என்று மூன்று இடங்களில் வெட்டி மூன்று வளைவு தயாரிக்கச் சொன்னேன். அலை என்றால் நகரவேண்டும்: 1.56-லிருந்து 1.52-க்கு, அங்கிருந்து 1.47-க்கு. அணுக்களுக்கு இடையே உள்ள உண்மையான தூரம் என்றால் அங்கேயே நிற்கும், கொஞ்சம் தடிக்கும், அவ்வளவுதான்.

மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து அனுப்பினார். சிறு சிறு அலைகள் எல்லாம் ஒழுங்காக இடம் மாறின. 1.6 மட்டும் ஆணி அடித்த மாதிரி நின்றது. "சார், நகரவில்லை" என்று மட்டும் எழுதியிருந்தார். நான் முந்தின இரவு சொன்னதை நினைவுபடுத்தாதது அவருடைய பெருந்தன்மை.

சரி, 1.6 உண்மை. சிலிக்கான்-ஆக்சிஜன் என்பதும் ஏறத்தாழ உறுதி. டைட்டானியம் நான்கு ஆக்சிஜனோடு நின்றால்கூட தூரம் 1.8-க்கு அருகேதான். அப்படியானால் சிலிக்கான் பவுடருக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா? இந்தக் கேள்விக்கு எந்தத் தரவுத்தளமும் பதில் சொல்லாது. அளந்தவர்தான் சொல்லவேண்டும். "சாம்பிளை எதில் வைத்து அளந்தீர்கள்?" என்று அப்போதுதான் கேட்டேன். முதல் நாளே கேட்டிருக்கவேண்டும்.

கண்ணாடிக் கேப்பிலரி. கண்ணாடி என்றால் சிலிக்கான்-ஆக்சிஜன் 1.62, ஆக்சிஜன்-ஆக்சிஜன் 2.65, சிலிக்கான்-சிலிக்கான் 3.1-க்கு அருகே. மெல்லிய சுவர்தான், ஆனால் நானோ பவுடர் பஞ்சு மாதிரி. எவ்வளவு தட்டி அடைத்தாலும் உள்ளே இருப்பது பாதிக்கும் மேல் காற்று. கதிரின் கண்ணுக்குப் பவுடரும் கண்ணாடியும் கிட்டத்தட்ட சம பங்காளிகள் ஆகிவிடும்.

"ஆனால் காலிக் கேப்பிலரியைக் கழித்துவிட்டேனே சார்" என்றார்.

கழித்ததாக அவர் நம்பினார். அதைச் சரிபார்க்கத்தான் சிமிலாரிட்டிமேப்பிங்கைத் திறந்தோம். காலிக் கேப்பிலரியின் தரவை மட்டும் தனியாக வளைவாக்கினோம். அனடேஸ் பொருத்தத்தின் மீதிக்கோட்டை இன்னொரு கோப்பாக்கினோம். கூடவே பவுடரின் வளைவு. மூன்றையும் ஏற்றினோம். பியர்சன் எண்ணுக்கு உயரம் முக்கியமில்லை, வடிவம் மட்டும் போதும். அதனால் கண்ணாடி எவ்வளவு என்று தெரியாமலேயே ஒப்பிடலாம். குறுகிய தூரத்தில் மீதிக்கோடும் கண்ணாடியும் அண்ணன் தம்பி மாதிரி ஒத்துப்போயின. கழிக்கப்பட்டிருந்தால் அந்த அளவு ஒற்றுமை இருக்க வாய்ப்பில்லை.

ஒரு ஹாஷ் குறி

தரவை வளைவாக மாற்றும் வேலையை அவர் பிடிஎஃப்கெட்எக்ஸ்3 என்ற நிரலில் செய்திருந்தார். அதற்கு ஓர் அமைப்புக் கோப்பு உண்டு. சாதாரண எழுத்துக் கோப்புதான்: எந்தத் தரவு, எந்தப் பின்புலக் கோப்பு, வேதி விகிதம் என்ன, க்யூ எதிலிருந்து எதுவரை. ஒரு வரியின் தொடக்கத்தில் ஹாஷ் குறி போட்டால் நிரல் அந்த வரியைப் படிக்காது. இந்தக் கோப்பில் பின்புல வரி சரியாக எழுதப்பட்டிருந்தது. கோப்பின் பெயர் சரி, ஃபோல்டர் சரி. வரியின் முதலில் ஒரு ஹாஷ்.

அதை விட வேடிக்கை, இந்த நிரல் வளைவுக் கோப்பை எழுதும்போது தான் பயன்படுத்திய எல்லா அமைப்புகளையும் அதன் தலைப்பகுதியிலேயே எழுதிவிடும். மாணவி பிரவுசரில் ஏற்றிய அதே கோப்பின் மேல் வரிகளில் பின்புலக் கோப்பு என்ற இடம் காலியாக இருந்தது. ஐந்து நாளும் அது அங்கேயே இருந்தது. வெப்சைட்டுக்கு வேண்டியது கீழே இருக்கும் இரண்டு பத்தி எண்கள். தலைப்பை மனிதர்கள்தான் படிக்கவேண்டும், நாங்கள் இருவரும் படிக்கவில்லை. டெஸ்க்டாப்பில் நோட்பேடில் திறந்து பார்க்கும் பழக்கம் இருந்த காலத்தில் கண்ணில் பட்டிருக்கலாம். இழுத்துப் போட்டால் ஏறிவிடும் வசதி வந்தபிறகு யார் திறக்கிறார்கள்?

ஹாஷ் எப்படி வந்தது? அந்த அமைப்புக் கோப்பு நான் கொடுத்தது. பல மாதங்களுக்கு முன், கேப்பிலரி இல்லாமல் அழுத்திய வில்லையாக ஒரு பொருளை அளந்தபோது, கழிக்க ஒன்றும் இல்லை என்பதால் அந்த வரிக்கு ஹாஷ் போட்டேன். பிறகு "இதையே மாதிரியாக வைத்துக்கொள்ளுங்கள்" என்று அனுப்பினேன். அவர் கோப்பின் பெயரை ஒழுங்காக மாற்றியிருக்கிறார். ஹாஷ் எனக்கே தெரியாமல் பயணம் செய்திருக்கிறது.

மூன்றாம் ஓட்டம்

ஹாஷை எடுத்தோம். மறு அளவீடு தேவைப்படவில்லை, காலிக் கேப்பிலரித் தரவு கையில் இருந்தது. ஆனால் அப்படியே கழித்தாலும் சரியாக வராது. பவுடர் நிரம்பிய கேப்பிலரியில் பவுடரே கொஞ்சம் கதிரை விழுங்கும். அதனால் அதன் கண்ணாடி, காலிக் கேப்பிலரியின் கண்ணாடியை விடக் குறைவாகவே சிதறும். கழிக்கும் அளவை 1 என்று வைத்தபோது 1.6-ல் முகடு போய்ப் பள்ளம் விழுந்தது, அதாவது இல்லாத கண்ணாடியையும் சேர்த்துக் கழித்துவிட்டோம். கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, 1.6-ல் மேடும் இல்லாமல் பள்ளமும் இல்லாமல் தரை மட்டமாகும் இடத்தில் நிறுத்தினோம். டைட்டானியம் டை ஆக்சைடுக்கு அந்தத் தூரத்தில் சொல்ல எதுவும் இல்லை என்பதால் இந்த வழி செல்லும். ஐந்து நாள் எங்களைச் சுற்றவைத்த முகடு கடைசியில் அளவுகோலாக உட்கார்ந்தது. சாம்பிளிலேயே சிலிக்கான் இருந்தால் இந்தத் தந்திரம் பலிக்காது.

இப்போது மீண்டும் பிரவுசர். தனிமங்கள் இரண்டே. எல்லை 20 ஆங்ஸ்ட்ரம் வரை. நட்சத்திரக் குறி கிடையாது.

மேல் வரிகளில் மறுபடி அனடேஸ்தான், எண் நன்றாகக் குறைந்திருந்தது. நான் எதிர்பார்க்காதது வேறு ஒன்று. முதல் ஓட்டத்தில் கீழே எங்கோ கிடந்த ப்ரூக்கைட் இப்போது அனடேஸ் கூட்டத்துக்குக் கொஞ்சம் கீழே வந்து நின்றது. கண்ணாடி போனால் ப்ரூக்கைட் ஏன் ஏறவேண்டும்?

காரணம் 3 ஆங்ஸ்ட்ரம் பக்கம் இருந்தது. அனடேஸில் விளிம்பைப் பகிரும் டைட்டானியம் அண்டைகள் 3.04-ல் 4 பேர், முனையைப் பகிர்பவர்கள் 3.79-ல் 4 பேர். ரூட்டைலில் 2.96-ல் 2 பேர், 3.57-ல் 8 பேர். ப்ரூக்கைட் நடுவில்: விளிம்பு அண்டைகள் 3 பேர்தான். அதாவது ப்ரூக்கைட் கலந்தால் 3.04 முகடு சுத்த அனடேஸில் இருப்பதைவிட இளைக்கவேண்டும். கண்ணாடியின் சிலிக்கான்-சிலிக்கான் தூரம் எங்கே? 3.1-க்கு அருகே. ப்ரூக்கைட் இளைக்கவைத்த முகட்டைக் கண்ணாடி ஊட்டிக் கொழுக்கவைத்திருக்கிறது. 1.6 முகடு கண்ணில் குத்தியது, எல்லோரும் பார்த்தோம். 3.1 முகடு டைட்டானியத்தின் நிழலில் ஒளிந்துகொண்டு, நாங்கள் உண்மையில் கேட்ட கேள்விக்கான விடையையே அழித்துக்கொண்டிருந்தது. அந்த 1.6 கொஞ்சம் சிறியதாக இருந்திருந்தால் "அலைதான்" என்று விட்டுவிட்டு, "சுத்த அனடேஸ்" என்று எழுதிக் கட்டுரையை அனுப்பியிருப்போம். இந்த இடத்தை எழுதும்போது இப்போதும் வயிற்றில் ஏதோ செய்கிறது.

இதற்கு மேல் பிரவுசரை விட்டு வெளியே வந்தோம். ஸ்ட்ரக்சர்மைனிங் ஒவ்வொரு கட்டமைப்பையும் தனித்தனியாகப் பொருத்துகிறது. இரண்டைக் கலந்து பொருத்த பிடிஎஃப்குயிதான் வசதி, அது விண்டோஸிலும் ஓடும். அனடேஸ், ப்ரூக்கைட் இரண்டுக்கும் கட்டமைப்புக் கோப்புகளை வெப்சைட் தந்த பட்டியலிலிருந்தே எடுத்துக்கொண்டோம். இரண்டும் சேர்ந்தபோது, அனடேஸ் மட்டும் இருந்தபோது 3.04-க்கும் 3.79-க்கும் நடுவே மீதிக்கோட்டில் தெரிந்த வீக்கம் வடிந்தது. பழைய டிஃப்ராக்ஷன் தரவில் 30.8 டிகிரி மேட்டைத் திரும்பப் போய்ப் பார்த்தோம். இப்போது அது எங்கள் இருவர் கண்ணுக்கும் மேடாகவே தெரிந்தது. (தெரிந்துகொண்டு பார்த்தால் எதுவும் தெரியும் என்பதும் உண்மைதான்.) ப்ரூக்கைட் எத்தனை சதவீதம் என்பதை அவர் எழுதப்போகும் கட்டுரைக்கு விட்டுவிடுகிறேன்.

பிரவுசர் கருவியைப் பற்றி என் கணக்கில் இரண்டு குறிப்பு. தரவுத்தளங்கள் வளர்ந்துகொண்டே இருப்பவை, இன்று வந்த பட்டியல் அடுத்த ஆண்டும் அப்படியே வரும் என்று நம்பக்கூடாது. மாணவி இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கும் தேதி, கொடுத்த தனிமங்கள், எல்லை, மேல் வரிகளின் அடையாள எண்கள் நான்கையும் நோட்டில் கையால் எழுதுகிறார். இரண்டாவது, சூடேற்றும்போது பவுடர் எப்படி மாறுகிறது என்று வரிசையாக அளக்கப்போகிறார். அதற்கு 2022-ல் வந்த என்எம்எஃப்மேப்பிங் என்ற கருவி அதே தளத்தில் இருக்கிறது. நூறு வளைவுகளைக் கொடுத்தால் அவற்றுக்குள் ஒளிந்திருக்கும் சில அடிப்படை வளைவுகளாகப் பிரித்துத் தரும். அது பிரித்துத் தரும் ஒவ்வொன்றும் ஒரு படிக வகை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது, சூட்டில் கட்டமைப்பு விரிவதே ஒரு தனி வளைவாக வந்து நிற்கும். அதைச் சொல்லிவைத்திருக்கிறேன். காலிக் கேப்பிலரியை ஒவ்வொரு சூட்டிலும் அளப்பதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. கருவிக்கு நேரம் கிடைப்பது கஷ்டம்.

அப்புறம், அந்த மாதிரிக் கோப்பை வேறு யாருக்கெல்லாம் அனுப்பினேன் என்று பழைய மின்னஞ்சல்களைத் தோண்டினேன். இவரைத் தவிர இன்னும் நான்கு பேர். எல்லோருக்கும் எழுதினேன். ஒருவர் ஹாஷை அன்றே பார்த்து எடுத்துவிட்டாராம், எனக்குச் சொல்லத் தோன்றவில்லையாம். இருவரிடம் அது அப்படியே இருந்தது. அதில் ஒருவர் கண்ணாடிக்குப் பதில் கேப்டான் (Kapton) என்ற பாலிமர் குழாயில் அளந்தவர். கார்பன்-கார்பன் தூரம் 1.4 பக்கம் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துச் சொல்வதாக எழுதினார். நான்காவது ஆள் இன்னும் பதில் போடவில்லை.